எட்டுப் புள்ளிகளுக்கு ஓர் உரை

ரொறன்ரோ ஜெனரல் வைத்தியசாலையில் 1999 முதல் 2004 வரை இதய சத்திரசிகிச்சை செய்துகொண்ட 10,751 பேரின் கோப்புகளிலிருந்து ஒரு சிறிய அட்டவணை பிறந்தது. டுமிந்த விஜேசுந்தரவும் அவருடைய சகாக்களும் 2007 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான 'ஜாமா'வில் அதை வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருவருடைய சிறுநீரகம், டயலிசிஸ் தேவைப்படும் அளவுக்குச் சடுதியாகப் பழுதுபடுமா? அவரை மேசையில் கிடத்துவதற்கு முன்பே இதை மதிப்பிடுவதுதான் அட்டவணையின் வேலை. மூலத்தின் பொருளை என் சொற்களில் தருகிறேன்.

சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 31 முதல் 60 மில்லிலீற்றர் வரை இருந்தால் ஒரு புள்ளி. 30 அல்லது அதற்குக் கீழே என்றால் இரண்டு.
மருந்து தேவைப்படும் நீரிழிவு இருந்தால் ஒன்று.
இதயத்தின் இடது கீழறை வெளித்தள்ளும் பங்கு 40 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்று.
முன்பும் இதய சத்திரசிகிச்சை நடந்திருந்தால் ஒன்று.
இப்போது செய்வது வெறும் பைபாஸாகவோ மேலறைச் சுவரின் ஓட்டையை மட்டும் அடைப்பதாகவோ இல்லாமல் வேறு சத்திரசிகிச்சை என்றால் ஒன்று.
ஆறுதலாக நாள் குறித்துச் செய்யாமல் அவசரத்தில் செய்வதென்றால் ஒன்று.
அதற்கு முன்பே பெருநாடிக்குள் பலூன் பம்ப் வைத்திருந்தால் ஒன்று.

ஏழு வரிகள், அதிகபட்சம் எட்டுப் புள்ளிகள்.

இதை நான் ஊன்றிப் படித்தது என் சித்தப்பாவுக்காக. பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணிக் கனடா வந்து சேர்ந்தவர், வயது 71. பைபாஸுக்கு நாள் குறித்திருந்தார்கள். விட்பியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு தாள்களை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். ஒன்று யாழ்ப்பாணத்தில் புறப்படுமுன் எடுத்த குருதிப் பரிசோதனை, மற்றது இங்கே எடுத்தது. "பிள்ளை, ஊரிலை ஒண்டு தசம் நாலு எண்டவங்கள். இஞ்சை நூற்றி இருபத்துநாலு எண்டு போட்டிருக்கு. ஆறு மாசத்திலை நூறு மடங்கு ஏறிட்டுதோ?" என்றார். இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது.

ஏறவில்லை. ஊரில் எடுத்த தாள் கிரியேட்டினினை ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. கனடாவில் ஒரு லீற்றருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எழுதுவார்கள். முன்னதை 88.4 ஆல் பெருக்கினால் பின்னது வரும். 1.4 என்பதும் 124 என்பதும் ஒரே அளவுதான். இந்த ஒரு பெருக்கலைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் இப்படிக் கழிந்திருக்குமோ என்று நினைத்தேன். அன்றைக்கே இந்த உரையை எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது.

வடிகட்டும் வேகம்

சூத்திரத்துக்கு உரை எழுதிய நம் பழைய ஆசிரியர்கள் முதலில் வைப்புமுறையைக் கேட்பார்கள்: இது ஏன் முன்னே நிற்கிறது? இங்கே விடை எளிது. வேறெந்த வரிக்கும் ஒரு புள்ளிதான்; இதற்கு மட்டும் இரண்டு வரை உண்டு. வரப்போகும் சிறுநீரகப் பாதிப்பை முன்னறிவிப்பவற்றுள் மிகக் கனமானது சிறுநீரகத்தின் இப்போதைய நிலைதான். கிளீவ்லாந்து கிளினிக் 2005இல் வெளியிட்ட 17 புள்ளி அட்டவணையும் இதையே சொல்கிறது. அங்கே கிரியேட்டினின் 2.1 மில்லிகிராமைத் தொட்டால் அதற்கு மட்டுமே ஐந்து புள்ளி.

ரொறன்ரோ அட்டவணை கிரியேட்டினினை நேராக எடுக்காமல் வடிகட்டும் வேகத்தை ஏன் எடுத்தது? கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தவர் உடலில் அது குறைவாகவே உண்டாகும். ஆகவே பழுதான சிறுநீரகமும் அதைச் சமாளித்துவிடும்; தாளில் எண் அழகாகத் தெரியும். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் கிரியேட்டினின் 95 மைக்ரோமோல். ஒருவர் 40 வயது ஆண். இப்போது புழக்கத்திலுள்ள 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இந்த எண்ணையும் வயதையும் பாலையும் போட்டால் அவருடைய வேகம் 90 அளவில் வரும். மற்றவர் 78 வயது அம்மா. அவருக்கு 53 அளவில்தான் வரும். ஒரே எண், நாற்பது வயதுக்காரருக்குப் புள்ளி இல்லை, அம்மாவுக்கு ஒன்று. நம் வீடுகளில் சாப்பாடு குறைந்து, மணிக்கட்டு மெலிந்து, காப்பு முழங்கை வரை ஏறி இறங்கும் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். "கிரியேட்டினின் நோர்மல்" என்ற சொல் அவர்களைத்தான் முதலில் ஏமாற்றும்.

இன்னொரு குறையும் அதற்கு உண்டு. சிறுநீரகத்துக்கு அடி விழுந்த அந்த நேரத்திலேயே கிரியேட்டினின் ஏறாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் ஏறும். ஏறியதைக் கண்டு ஓடிவரும் வைத்தியர் நேற்றைய அடியைத்தான் பார்க்கிறார். முன்னறிவிப்பு என்ற துறையே இந்தத் தாமதத்தால் பிறந்தது என்று சொல்லலாம். விழுந்தபின் காட்டும் கருவி மட்டுமே கையில் இருந்தால், விழுமுன் யார் சறுக்கும் இடத்தில் நிற்கிறார் என்பதை வேறு வழியில்தான் அறியவேண்டும்.

சித்தப்பாவின் 124ஐ அவருடைய வயதோடு சேர்த்துப் போட்டால் 54 அளவில் வருகிறது. ஒரு புள்ளி.

மருந்து தேவைப்படும் நீரிழிவு

'மருந்து தேவைப்படும்' என்ற அடை வீணுக்கு நிற்கவில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவரை அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை. குளிசையோ இன்சுலினோ வேண்டியிருப்பது, சீனி நெடுங்காலம் உடம்பில் வேலை செய்துவிட்டது என்பதற்கு அடையாளம். வடிகட்டும் வேகம் நன்றாக இருக்கும்போதே நுண்குழாய்களின் சுவர் பழுதாகிச் சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்கிவிடுவதுண்டு. முதல் வரியில் அகப்படாத அந்தப் பழுதை இந்த வரி ஓரளவு பிடித்துக்கொள்கிறது.

சித்தப்பா மெற்போமின் எடுக்கிறார். இன்னொரு புள்ளி.

இடது கீழறை வெளித்தள்ளும் பங்கு

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடம்பு எடையில் 200இல் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் தள்ளும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. இவ்வளவு போயும், சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதும் ஒட்சிசன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே வேலை செய்கிறது. வரத்து கொஞ்சம் குறைந்தாலும் முதலில் வாடுவது அந்த உட்பகுதிதான். வாய்க்காலின் கடைமடையில் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள குருதியில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். 40 சதவீதத்துக்கு இறங்கினால் சத்திரசிகிச்சைக்கு முன்பே கடைமடையில் தண்ணீர் குறைவு. அதற்குமேல் இதய நுரையீரல் இயந்திரத்தில் ஏற்றி, துடிப்பில்லாத ஓட்டத்தில் சில மணி நேரம் வைக்கவேண்டும். சித்தப்பாவுக்கு 45. புள்ளி இல்லை.

முன்பு நடந்ததும் இப்போது நடப்பதும்

அடுத்த இரண்டு வரிகளையும் சேர்த்தே பொருள் கொள்ளலாம். ஒருமுறை திறந்து மூடிய நெஞ்சில் திசுக்கள் ஒட்டிப்போயிருக்கும். பிரித்தெடுக்க நேரமாகும், குருதி கூடப் போகும். வால்வு மாற்றுவதும், வால்வையும் பைபாஸையும் ஒன்றாகச் செய்வதும் அப்படித்தான். இயந்திரத்தில் இருக்கும் நேரம் நீள நீளச் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே சிந்தும். அது சிறுநீரகத்துக்கு நஞ்சு. 'வெறும் பைபாஸ்' என்பதில் 'வெறும்' என்ற சொல் பொருந்தாதபோதுதான் புள்ளி.

அவசரம்

அவசரத்தில் வருபவருக்கு இரண்டு மூன்று கெடுதிகள் ஒன்றாகச் சேர்கின்றன. அழுத்தம் விழுந்திருக்கலாம். அடைப்பைப் பார்ப்பதற்காக அன்றைக்கோ முதல் நாளோ சாயம் ஏற்றிப் படம் எடுத்திருப்பார்கள். வழக்கமாக எடுக்கும் அழுத்தக் குளிசையையும் நீரிறக்கும் குளிசையையும் நிறுத்த நேரம் இருந்திருக்காது. நாள் குறித்துப் போகிறவருக்கு இவை ஒவ்வொன்றையும் பார்த்துச் சீர்செய்ய அவகாசம் உண்டு. அந்த அவகாசம்தான் இந்த வரியின் உண்மையான பொருள் என்று நான் எடுக்கிறேன். அட்டவணையின் மற்ற வரிகளில் மனிதர் கைவைத்து மாற்றக்கூடியது மிகக் குறைவு.

பலூன் பம்ப்

தொடை நாடி வழியே ஒரு நீண்ட பலூனைப் பெருநாடிக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில் அது ஊதும். இதயம் தள்ளும் கணத்தில் சுருங்கும். தானாகத் தள்ள முடியாத இதயத்துக்கு அது ஊன்றுகோல். ஊன்றுகோலோடு வருபவருக்குப் புள்ளி போடுவதில் விளக்க அதிகமில்லை.

கூட்டுத்தொகை

இனிக் கூட்டலுக்கு வருவோம். பூச்சியமோ ஒன்றோ பெற்றவர்கள் நோயாளரில் 53 சதவீதம். அவர்களில் டயலிசிஸ் தேவைப்பட்டது 0.4 சதவீதத்தினருக்கு. நான்கும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 6 சதவீதம். அவர்களில் 10 சதவீதத்தினருக்குத் தேவைப்பட்டது. ஆயிரத்தில் நாலு பேர், ஆயிரத்தில் நூறு பேர்: இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருபத்தைந்து மடங்கு இடைவெளி. மீதிப் பேர் நடுவில் நிற்கிறார்கள். சித்தப்பாவின் கூட்டுத்தொகை இரண்டு. அவரும் அந்த நடுவில்தான்.

இந்த எண்களை ரொறன்ரோவின் கோப்புகளில் மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் நிறுத்தவில்லை. அதே வைத்தியசாலையில் பிறகு வந்த 2,566 பேரிடமும், ஒட்டாவா இதய நிலையத்தில் 6,814 பேரிடமும் சோதித்தார்கள். டயலிசிஸ் தேவைப்பட்ட ஒருவரையும் தேவைப்படாத ஒருவரையும் கண்ணைமூடி எடுத்தால், தேவைப்பட்டவருக்குக் கூடிய புள்ளி கொடுக்கும் திறன் முதல் கூட்டத்தில் 0.81, மற்ற இரண்டிலும் 0.78. புதிய ஊரில் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. எழுதிய இடத்தைவிட்டு வெளியே வந்தும் நிற்கும் அட்டவணையை நம்பலாம். ஏழு வரிகளுக்கு இது பெரிய வேலை.

ஆனால் பத்துச் சதவீதம் என்று கேட்டதும் ஒடிந்துபோகிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான்கும் அதற்கு மேலும் பெற்றவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு டயலிசிஸ் தேவைப்படவில்லை. சாதகக் குறிப்பைப் போல இதை வாசிக்கக்கூடாது.

மூலம் சொல்லாமல் விட்டவை

அட்டவணை டயலிசிஸை மட்டும் முன்னறிவிக்கிறது. அதற்குக் கீழே உள்ள படிகளைப் பற்றி மௌனம். உலகம் முழுவதும் இன்று சடுதியான சிறுநீரகப் பாதிப்பு என்று எதைச் சொல்வது என்பதை 2012இல் வந்த, 'கேடிகோ' என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் வழிகாட்டி வகுத்திருக்கிறது: 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 26.5 மைக்ரோமோல் ஏறவேண்டும். அல்லது ஏழு நாளுக்குள் பழைய அளவின் ஒன்றரை மடங்காகவேண்டும். அல்லது சிறுநீர் ஆறு மணி நேரம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் குறையவேண்டும். சித்தப்பாவுக்குப் போட்டுப் பார்த்தால், 124 இரண்டு நாளில் 151 ஆனாலே பாதிப்பு. அவர் 70 கிலோ. ஆறு மணி நேரத்தில் 210 மில்லிலீற்றருக்குக் குறைவாகச் சலம் போனாலும் பாதிப்புத்தான். அது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. கட்டிலோரம் தொங்கும் பையில் கோடு கோடாய் அளவு போட்டிருக்கும்; பக்கத்தில் இருக்கும் மகளோ மருமகனோ கண்ணால் பார்க்கக்கூடிய அளவு இது. பை வெறுமையாகக் கிடந்தால் தாதியைக் கூப்பிட்டுக் காட்டுவதில் வெட்கம் வேண்டாம்.

'பழைய அளவு' என்ற சொல்லிலும் கொஞ்சம் நிற்கவேண்டும். ஒன்றரை மடங்கு என்றால் எதன் ஒன்றரை மடங்கு? பழைய எண் கோப்பில் இல்லையென்றால் வைத்தியர் ஊகிக்கத்தான் வேண்டும். ஊரிலிருந்து வந்து இறங்கியவருக்கு ஒன்ராறியோவின் கணினியில் பழைய எண் இருக்காது. 124ஐ முதன்முதல் பார்ப்பவர் இது நேற்று ஏறியதா, பத்து வருடமாய் இருப்பதா என்று எப்படி அறிவார்? யாழ்ப்பாணத்துத் தாளின் 1.4தான் அதற்குப் பதில். சித்தப்பா எறிந்துவிடலாம் என்று நினைத்த தாள் அது.

இன்னொரு விடுபாடு, வலிக் குளிசைகள். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் சிறுநாடியைச் சுருங்கவைக்கும். அழுத்தக் குளிசையும் நீரிறக்கும் குளிசையும் எடுப்பவர் அதையும் சேர்த்து எடுத்தால் ஆபத்து பெருகும். டயபிட்டீஸ் கனடா அமைப்பு இதுபோன்ற ஆபத்துகளுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சத்தியும் வயிற்றோட்டமும் வந்து தண்ணீர்கூடத் தங்காத நாட்களில் தற்காலிகமாக நிறுத்தவேண்டியவை அவை: சில அழுத்தக் குளிசைகள், நீரிறக்கும் குளிசைகள், மெற்போமின், சிறுநீரில் சீனியை வெளியேற்றும் புதிய குளிசைகள், சல்போனைல்யூரியா வகை, வலிக் குளிசைகள். உங்களுடைய பெட்டியில் எவை அந்தப் பட்டியலில் வருகின்றன என்று சுகமாக இருக்கும் நாளிலேயே மருந்தாளரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஊரின் சிறுநீரகப் பாதிப்புகளையும் இந்த மூலம் அறியாது. கண்ணாடிவிரியன் கடித்தும் எலிக்காய்ச்சல் வந்தும் சிறுநீரகம் நின்றுபோனவர்களை நாங்கள் பார்த்து வளர்ந்தோம். எந்த அட்டவணையும் அது பிறந்த கட்டிலுக்கே நன்றாகப் பொருந்தும்.

அட்டவணைக்குப் பிறகு வந்தவை

2019இல் டீப்மைண்ட் நிறுவனமும் அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு கணினி முறையை வெளியிட்டன. 7,03,782 பேரின் பதிவுகளில் பயின்ற அது, வைத்தியசாலையில் நேரும் பாதிப்புகளில் 55.8 சதவீதத்தை 48 மணி நேரம் வரை முன்கூட்டிச் சொன்னது. ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கை. அந்தப் பதிவுகளில் பெண்கள் 6.38 சதவீதம் மட்டுமே. மேலே சொன்ன 78 வயது அம்மாவை அது அரிதாகத்தான் கண்டிருக்கும். மெலிந்த தமிழ் மூதாட்டி ஒருத்திக்கு அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பது நம் உரிமை.

எச்சரித்தால் போதுமா என்பதையும் சோதித்துவிட்டார்கள். யேல் நியூ ஹேவன் சுகாதாரக் குழுமத்தின் ஆறு வைத்தியசாலைகளில் 6,030 நோயாளருக்கு நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பாதிப்பு நேர்ந்ததும் ஒரு பக்கத்து நோயாளரின் வைத்தியரை மட்டும் கணினி எச்சரித்தது. மொத்தத்தில் பலன் ஒன்றும் கூடவில்லை. கற்பித்தல் நடக்காத இரண்டு வைத்தியசாலைகளிலோ எச்சரிக்கை வந்த பக்கத்தில் இறப்பு கூடியிருந்தது. ரொறன்ரோ சென். மைக்கல்ஸ் வைத்தியசாலையின் ரொன் வால்ட் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு 2020இல் இன்னொரு கேள்விக்குப் பதில் சொன்னது. பாதிப்பைக் கண்டதும் முந்திக்கொண்டு டயலிசிஸ் தொடங்கினால் உயிர் மிஞ்சுமா? 15 நாடுகளில் ஏறக்குறைய 3,000 பேர். 90 நாளில் இறப்பு, முந்தித் தொடங்கிய பக்கம் 43.9 சதவீதம், மறுபக்கம் 43.7 சதவீதம். முந்தியதால் நன்மை இல்லை.

அப்படியானால் முன்னறிந்து என்ன பயன்? ஜெர்மனியில் 2017இல் 276 இதய நோயாளரோடு நடந்த ஆய்வை நான் இதற்குப் பதிலாக வைப்பேன். ஆபத்துள்ளவர்களைச் சிறுநீர்ப் பரிசோதனையால் முன்கூட்டிப் பிரித்து, அவர்களுக்குச் சாதாரண வேலைகளையே கவனமாகச் செய்தார்கள்: குருதி அழுத்தத்தையும் நீரளவையும் கண்காணித்தார்கள், சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகளைத் தவிர்த்தார்கள், சீனியைக் கட்டுக்குள் வைத்தார்கள். பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1 சதவீதத்துக்கு இறங்கியது. டயலிசிஸும் இறப்பும் குறைந்ததாக அது காட்டவில்லை. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனாலும் ஆறு பேரில் ஒருவரைப் பாதிப்பிலிருந்து காப்பாற்றியது புதிய மருந்து எதுவும் இல்லை, கவனிப்புத்தான். எட்டுப் புள்ளி அட்டவணையை நான் மதிப்பதும் அதனால்தான். யாரைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்று அது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

விட்பியில் லேக்ரிட்ஜ் ஹெல்த் வைத்தியசாலையில் டயலிசிஸ் பிரிவு இருக்கிறது. கிழமைக்கு மூன்று நாள், தடவைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம் என்று இயந்திரத்தோடு இருப்பவர்களைக் கொண்டுபோய் விட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளை அறிவேன். அந்தக் கதிரை யாருக்கும் வேண்டாம்.

சித்தப்பா கடைசியில் ஒரு கொப்பித்தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்லத் தன் கையெழுத்தில் எழுதினார். யாழ்ப்பாணம் 1.4, அது இங்கத்தைக் கணக்கில் 124. விட்பி 124. வேகம் 54. கீழே குளிசைகளின் பெயர்கள். இரண்டு பரிசோதனைத் தாள்களையும் அதோடு சேர்த்துக் குத்தி, சத்திரசிகிச்சைக்கு முந்திய சந்திப்புக்குக் கொண்டுபோனார்.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு நாள் குறித்திருந்தால் இதையே செய்யுங்கள். கிரியேட்டினின் எத்தனை, எந்த அலகில், வடிகட்டும் வேகம் எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய அறிக்கைகளை எறியவேண்டாம்.